துலக்கி வருவதற்கு முன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்ட வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது இன்னும் நடக்காத கதை. நடக்கிற காலத்தில் நீங்களும் நானும் இருக்க மாட்டோம். ஆனாலும் அதில் வருகிறவர்களைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றே உங்களுக்குத் தோன்றும்.

செவ்வாய்க் கோளில் பாறையைக் குடைந்து ஓர் ஊர் கட்டியிருந்தார்கள். தென்பாறை என்று பெயர். நெல்லைப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். ஆற்றையும் மழையையும் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அந்த ஊரில் காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே செண்பகவடிவு எழுந்துவிடுவாள். எழுந்ததும் அவள் செய்கிற முதல் வேலை, தூங்குகிற கணவரின் முகத்திலிருந்து மூக்கைக் கழற்றி எடுப்பது.

பயப்படாதீர்கள். அவருடைய சொந்த மூக்கு இல்லை. அதன் மேல் மாட்டியிருக்கும் மூக்குறை. சிதம்பரதாணுவுக்கு உறக்க மூச்சுத்தடை. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழியை மூடிக்கொள்ளும். குறட்டை திடீரென்று நிற்கும், மூச்சும் நிற்கும், பிறகு திடுக்கிட்டு இழுப்பார். இந்த நோய் நம் காலத்திலும் உண்டு. தென்பாறையில் வானொலிக் கோபுரங்களும் தானே ஓடும் வண்டிகளும் வந்த பிறகும் மனிதத் தொண்டை மட்டும் பழைய தொண்டையாகவே இருந்தது. அதற்காக மூச்சூட்டி என்றொரு பெட்டி. அது காற்றை மெல்ல அழுத்தி, ஒரு குழாய் வழியாக மூக்குறைக்குள் அனுப்பும். மூடப்போகிற வழியை அந்தக் காற்று திறந்தே வைத்திருக்கும்.

பெட்டி வருவதற்கு முந்தைய காலத்தை வடிவு மறக்கவில்லை. அப்போதெல்லாம் அவள் உள்ளங்கை கணவரின் நெஞ்சின் மேலேயே கிடக்கும். நெஞ்சு எழும்பாமல் போனால் உலுக்குவாள். பெட்டி வந்த அன்றுதான் அவளும் கல்யாணமான பிறகு முதல்தடவையாக விடியும்வரை தூங்கினாள்.

அந்த நன்றியோ என்னவோ, அதைத் துலக்குவதில் அவளுக்கு அப்படியொரு அக்கறை. மூக்குறையை வெதுவெதுப்பான நீரில் காரமில்லாத சோப்பு போட்டு, மெத்தை விளிம்பின் உட்பக்கமெல்லாம் விரலால் தடவிக் கழுவுவாள். குழாயை அலசி, இரண்டு முனையும் தொங்கும்படி கொடியில் போடுவாள். காற்றுக்கு ஈரம் கொடுக்கும் நீர்க்கிண்ணத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் உப்புப் படியாதபடி அவ்வப்போது காடியை ஊற்றி ஊறவைப்பாள். வடிகட்டியில் செந்தூசி ஒட்டியிருந்தால் தட்டி, அலசி, ஈரம் போக உலர்த்துவாள். எல்லாம் முடிந்ததும் பெட்டியை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைப்பாள்.

அப்புறம்தான் அதைத் துலக்குவதற்கு ஆள் வரும்.

ஆமாம், ஆள் வரும். ஆள் என்றால் துலக்கி. முழங்கால் உயரத்தில், ஆறு சக்கரமும் நான்கு கையும் வைத்த இயந்திரம். மூச்சூட்டி இருக்கிற எல்லா வீட்டுக்கும், ஊரின் காற்றைக் கவனிக்கும் அலுவலகமான காற்றகம் அதைத் தினமும் இலவசமாக அனுப்பியது. வடிவு செய்கிற வேலை முழுவதையும் செய்வதற்காகவே அது வந்தது.

"அப்ப எதுக்கு மைனி நீங்க கழுவுதீங்க?" என்று எதிர்வீட்டு உலகம்மை ஒருநாள் கேட்டாள்.

"நல்லாக் கேட்ட. வாற ஆளு கையில எச்சிலும் சளியுமாவா தூக்கிக் குடுக்கச் சொல்லுத?"

"அது மிஷின்லா."

"மிஷினுன்னா என்ன? ஊரு பூரா சுத்திட்டு வருது. அதுக்குக் கண்ணு இருக்கு. நம்ம வீட்டுல பாத்ததை அடுத்த வீட்டுல போயி நினைக்காதா?"

உலகம்மை சிரித்தாள். ஆனால் அவள் வீட்டு வாசலிலும் காலை நேரத்தில் ஈரக் குழாய் தொங்குவதை வடிவு பார்த்திருக்கிறாள்.

துலக்கி வந்ததும் வாசல் மிதியடியில் சக்கரத்தைத் துடைத்துக்கொள்ளும். அதை வடிவுதான் பழக்கியிருந்தாள். உள்ளே வந்து, துணியை விலக்கி, மூக்குறையை எடுத்து, மெல்லிய இளஞ்சிவப்பு நாக்கு ஒன்றை நீட்டி அதன் உள்விளிம்பைத் தொட்டுப் பார்க்கும்.

"அம்மா, இன்றும் அழுக்கு இல்லை. குறிப்பிட்டுக்கொள்கிறேன்."

"குறிச்சுக்கோ, குறிச்சுக்கோ," என்பாள் வடிவு. வாய் நிறையப் பெருமை. வருஷக் கடைசியில் சுத்தமான வீட்டுக்கு ஏதாவது மரியாதை செய்வார்கள் என்று கூட அவள் மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடியது.

ஒருநாள் காலை துலக்கி வழக்கமான வாக்கியத்தோடு நிறுத்தவில்லை.

"அம்மா, காற்றகத்தின் அறிவிப்பு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வீட்டு மூச்சூட்டி பயன்படுத்தப்படவில்லை என்று தெரியவருகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அது திரும்பப் பெறப்பட்டு, காத்திருக்கும் வேறு நோயாளிக்கு வழங்கப்படும்."

வடிவு கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

காற்றகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சூட்டிகள் பூமியிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போதோ ஒரு தடவைதான் வரும். கேட்டு நிற்பவர்கள் நிறைய. வாங்கியவர்களில் சிலரோ அதை மாட்டிக்கொண்டு தூங்கச் சங்கடப்பட்டு அலமாரியில் பூட்டி வைத்தார்கள். எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் கருவியைக் காற்றகத்தார் பொருத்திப் பார்த்தார்கள். ஆட்கள் மூக்குறையைத் தலையணைக்கு மாட்டி, பெட்டியை ஓடவிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் காற்றகத்துப் பெரியவர்கள் யோசித்துத் துலக்கிக்கு ஒரு நாக்கு வைத்தார்கள். போட்டுத் தூங்கினால் எச்சில் படும், வியர்வை படும், முகத்து எண்ணெய் ஒட்டும். அழுக்கு இருந்தால் ஆள் இருக்கிறார். அழுக்கு இல்லையென்றால் இல்லை. மற்றதில் ஏமாற்றுவார்கள், அழுக்கில் யார் ஏமாற்றப்போகிறார்கள் என்று நினைத்தார்கள்.

சிதம்பரதாணு சுரங்க வண்டியிலிருந்து வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டார். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி பூரா நான்லா போட்டுக்கிட்டுக் கிடக்கேன். எப்படி அழுக்கு இல்லாமப் போகும்?"

வடிவு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி வடிவு."

"காலையில லேசா ஒரு அலசு அலசுவேன்," என்றாள் அவள். "லேசாத்தான்."

"லேசான்னா?"

"சோப்பு போட்டு."

கோபப்படலாமா சிரிக்கலாமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "கழுவ வாறதுக்கு முன்னால கழுவி வச்சிருக்க. என்னைய ஆளே இல்லன்னு ஆக்கிட்ட போ," என்றார்.

மறுநாள் இருவரும் காற்றகத்துக்குப் போனார்கள். அங்கே அதிகாரி ஆவுடைநாயகி. முப்பதைத் தாண்டியிருப்பாள். இழுத்து வாரிய தலை, இழுத்துக் கட்டிய முகம்.

"நாங்க தினமும் மாட்டுதோம் மேடம்," என்று தொடங்கினார் சிதம்பரதாணு. "என்னன்னா, இவ காலையில எந்திரிச்சு..."

மேஜைக்கடியில் வடிவு அவர் தொடையைக் கிள்ளினாள். வீட்டு எச்சிலை ஆபீசில் வைத்து எப்படிப் பேசுவது? அவர் வாயை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் தினமும் மாட்டுறதாத்தான் சொல்லுதாங்க," என்றாள் ஆவுடை. "எங்க அப்பாவும் அதைத்தான் சொன்னாங்க. துலக்கி நாக்குல ஒண்ணும் இல்ல. போன மாசம் நானே கையெழுத்துப் போட்டு அப்பாவோட பெட்டிய எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்தேன். எங்க வீடுன்னு பாத்தேனா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூட அசையவில்லை. வடிவுக்கு அவள் மேல் மரியாதையும் பயமும் ஒன்றாக வந்தன.

"உங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு," என்றாள் ஆவுடை. "அதுக்குள்ள ஒரு தடவை அழுக்கு தெரிஞ்சாப் போதும். விட்டுருதேன்."

வழியெல்லாம் சிதம்பரதாணு சொல்லிக்கொண்டே வந்தார். "நீ ஒண்ணும் செய்யாண்டாம். அதுதான் நீ செய்ய வேண்டியது. சும்மா இரு. அவ்வளவுதான்."

சும்மா இருப்பது அவ்வளவு எளிதா என்ன? மறுநாள் காலை மூக்குறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். உள்ளே ஈரம் மினுங்கியது. விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு தாடி மயிர். அதைப் பார்க்கப் பார்க்க அந்த மூக்குறை வீங்கி வீங்கி அறை முழுவதையும் அடைத்துக்கொண்டது போலிருந்தது. தெருச் சுரங்கத்தில் சக்கரச் சத்தம் கேட்டது. உலகம்மை வீட்டு வாசலில் நின்றது. கிளம்பியது. வடிவுக்குத் தான் எழுந்ததுகூடத் தெரியவில்லை. கை தானாகக் குழாயடிக்குப் போய்விட்டது.

"அம்மா, இன்றும் அழுக்கு இல்லை. குறிப்பிட்டுக்கொள்கிறேன்."

அடுத்த நாள் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அழுக்கு வேண்டும், ஆனால் பார்க்கிற மாதிரி அழுக்காக இருக்க வேண்டும். மூக்குறையை நன்றாகக் கழுவி உலர்த்தினாள். பிறகு அதன் விளிம்பில் புது நல்லெண்ணெய் ஒரு தொடு தொட்டாள். முகப்பவுடர் கொஞ்சம். வாசனைக்கு இரண்டு சொட்டுப் பன்னீர். தள்ளி வைத்துப் பார்த்தாள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

துலக்கி நாக்கை நீட்டியது. இந்தத் தடவை வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது.

"அம்மா, நல்லெண்ணெய், முகப்பவுடர், பன்னீர். மனித உமிழ்நீர் இல்லை. வியர்வை இல்லை. மூச்சூட்டி வேறு காரியத்துக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. வற்றல், வடகம் உலர்த்துதல் போன்றவை. குறிப்பிட்டுக்கொள்கிறேன்."

மாலையே செய்தி வந்துவிட்டது. அதிகாரி ஆவுடைநாயகி வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு நேரில் வருகிறார். பார்த்துவிட்டுப் பெட்டியைக் கையோடு எடுத்துப்போவார்.

மற்றவர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது. வடிவுக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள்.

வியாழக்கிழமை முழுவதும் வீடு அமர்க்களப்பட்டது. சுவர்களைத் துடைத்தாள். திரைச்சீலையை மாற்றினாள். நல்ல டம்ளர்களை இறக்கினாள். பெட்டி வந்தபோது கூட வந்த பிளாஸ்டிக் உறையை அவள் தூக்கிப் போட்டிருக்கவில்லை. மூச்சூட்டியைத் துடைத்து, குழாயைச் சுருட்டி, எல்லாவற்றையும் அந்த உறைக்குள் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றினாள். நோயாளிச் சாமான் கண்ணில் படும்படி இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"அப்ப நான் எதைப் போட்டுத் தூங்க?" என்றார் சிதம்பரதாணு.

"ஒரு ராத்திரிதானே. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டாள். பழைய நாள்களைப் போலக் கையை நெஞ்சில் வைத்து விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். காலையில் இருவர் கண்களும் சிவந்திருந்தன. வீடு மட்டும் பளிச்சென்று இருந்தது.

ஆவுடை வந்தாள். கூடவே துலக்கியும் வந்து, மிதியடியில் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றது.

"பெட்டி எங்க?"

வடிவு முக்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து இறக்கினாள். உறை பிரிக்காமல், முடிச்சு அவிழ்க்காமல், நேற்றுக் கப்பலில் வந்தது போல இருந்தது பெட்டி.

"இதைத்தான் தினமும் பயன்படுத்துதீங்களா?" என்றாள் ஆவுடை.

"தூசி படக் கூடாதுன்னு..." என்று வடிவு இழுத்தாள். பிறகு, "காப்பி கொண்டாறேன், உக்காருங்க," என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆவுடை உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் இருந்த சிதம்பரதாணுவிடம் சட்டப் பிரிவுகளைச் சொல்லத் தொடங்கினாள். அவர் தலையாட்டினார். தலை ஆடிக்கொண்டே மெல்லத் தாழ்ந்தது. முந்தைய இரவு கடன் வைத்திருந்த தூக்கம் அவரை அப்படியே இழுத்துக்கொண்டது. குறட்டை கிளம்பியது. முகத்துக்கு நேரே குறட்டை விடுகிறாரே என்று ஆவுடைக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் சத்தமாகப் பேசினாள்.

குறட்டை நின்றது. அப்பாடா என்று அவள் நினைத்தாள்.

சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை சத்தத்துக்கு நடுவே அந்த ஒரு சத்தம் நின்றது வடிவுக்குக் கேட்டது. பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் அதிகாரியைப் பார்க்கவேயில்லை. உள்ளங்கையைக் கணவரின் நெஞ்சில் வைத்தாள். நெஞ்சு எழும்பவில்லை. உதட்டோரம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இழுங்க. ஏங்க, மூச்ச இழுங்க."

பெரிய சத்தத்தோடு அவர் மூச்சை இழுத்தார். கண்ணைத் திறந்தார், ஒன்றும் புரியாமல் மறுபடியும் மூடிக்கொண்டார். வடிவு பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பெட்டியைத் தரையில் வைத்து, குழாயைச் சொருகி, மூக்குறையை அவர் முகத்தில் மாட்டி, பட்டையை இழுத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டே செய்கிறவள் போல அவள் கை ஓடியது. மெல்லிய காற்றுச் சத்தம் கேட்டது. அவர் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. குழந்தையைப் போலத் தூங்கினார்.

ஆவுடை எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் இழுத்துக் கட்டியிருந்ததெல்லாம் கொஞ்சம் அவிழ்ந்திருந்தது.

"பழகின கைதான்," என்றாள். "அப்புறம் ஏன்மா துலக்கிக்கு ஒண்ணுமே கெடைக்கல?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? வடிவு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது வாறதுக்கு முன்னால நான் கழுவி வச்சிருவேன்."

"கழுவத்தானே அது வருது?"

"ஆமா. அதுக்காக, வாற ஆளு கையில எச்சிலோட யாராவது குடுப்பாங்களா? எதுத்த வீட்டு உலகம்மை குடுக்க மாட்டா. இந்தத் தெருவுல ஒரு வீட்டுலயும் குடுக்க மாட்டாங்க." வடிவு நிமிர்ந்தாள். "உங்க வீட்டுல உங்க அம்மா அப்படியேவா எடுத்துக் குடுப்பாங்க?"

ஆவுடை காதோரம் ஒட்டியிருந்த பேசியைத் தொட்டாள். அவள் குரல் மாறிப்போயிருந்தது.

"அம்மா... ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. அப்பா பெட்டி இருந்தப்ப, துலக்கி வாறதுக்கு முன்னால நீ அதை என்ன செய்வ?"

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று வடிவுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

"ஏம்மா சொல்லல? நான் உன் மக தானே. ஆபீசருன்னு பாத்தியா?" ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சரி, இப்ப அப்பா எப்படித் தூங்குதாங்க?"

கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவள் தன் வலது கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவள் அம்மா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று வடிவுக்குத் தெரிந்துவிட்டது.

வடிவு அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். பால் முழுக்கப் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. மிச்சத்தில் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஆவுடை அதைக் குடித்தாள். இந்த வருஷத்தில் எத்தனை பெட்டியை எடுத்திருக்கிறோம், எல்லாம் எந்த மாதிரி வீடுகளிலிருந்து எடுத்தோம் என்று அவள் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாமே துடைத்து வைத்த வீடுகள்.

கடைசியில் துலக்கியைக் கூப்பிட்டாள். சிதம்பரதாணு விழித்துக்கொண்டார். மூக்குறையைக் கழற்றி, கழுவாமல், துடைக்காமல், வடிவு தன் கையாலேயே துலக்கியிடம் நீட்டினாள். நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"உமிழ்நீர் இருக்கிறது," என்றது துலக்கி, வாசல் வரை கேட்கும் குரலில். "வியர்வை இருக்கிறது. மூக்குச் சளி சிறிது. முந்தைய இரவு பூண்டுக் குழம்பு உண்டதற்கான தடயம். பயன்படுத்துபவர் உயிருடன் இருக்கிறார். குறிப்பிட்டுக்கொள்கிறேன்."

"போதுமா மேடம்?" என்றார் சிதம்பரதாணு.

"போதும்," என்றாள் ஆவுடை.

அன்றே காற்றகத்தில் பழைய முடிவுகளையெல்லாம் திருப்பிப் பார்க்க உத்தரவானது. ஆவுடையின் அப்பாவுக்கு அடுத்த கப்பல்வரை காத்திராமல் ஒரு பழுதுபார்த்த பெட்டி கிடைத்தது. அதுவரை அவள் தன் அம்மாவோடு முறைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. வடிவு மூக்குறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வெள்ளைத் துணியை மட்டும் மேலே போர்த்தினாள், அதை விட முடியவில்லை. சக்கரச் சத்தம் கேட்டது. கை துறுதுறுத்தது. இரண்டு கையின் மேலும் உட்கார்ந்துகொண்டாள்.

துலக்கி சக்கரத்தைத் துடைத்து, உள்ளே வந்து, துணியை விலக்கி, நாக்கை நீட்டியது.

"அம்மா, இன்று அழுக்கு இருக்கிறது."

"சரி, சரி," என்றாள் வடிவு. "மெதுவாச் சொல்லு. கதவு திறந்திருக்கு."

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. ஏன் சிரிக்கிறீர்கள்? பாத்திரம் தேய்க்கிற அம்மா வருவதற்கு முன் எழுந்து சட்டியை ஒரு தரம் அலசி வைக்கிறவர்கள் இங்கே யார் யார் என்று எனக்குத் தெரியும். டாக்டர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் இருமுகிற பிள்ளைக்குப் பவுடர் போட்டு உட்கார வைத்தவர்களும் இருக்கிறீர்கள்.

போய்த் தூங்குங்கள். உங்கள் வீட்டில் படுத்தவர் எல்லாருக்கும் மூச்சு தடையில்லாமல் ஓடட்டும். யார் நெஞ்சிலும் யாரும் கை வைத்து விழித்திருக்க வேண்டாம். விடிந்து எழுந்தால் தேய்க்கப் பாத்திரமும் துவைக்கத் துணியும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.